நாலாம் நம்பர் ஜாக்கி

“காலிங் பெல்னு ஒண்ணு வாசல்ல இருக்கு. அமுத்தினா உள்ள மணி அடிக்கும். தெரியுமா?”

“தெரியுமே.”

“அப்புறம் ஏன் கதவைத் தட்டுற?”

“ரெண்டே தட்டுதான் தட்டினேன், சூப்பர்வைசர் மேடம். ரெண்டு தட்டினா என்ன?”

“ஏத்து.”

“ஒண்ணு?”

“நிறுத்து. மூணு தட்டினா இறக்கு. எனக்கே பாடம் எடுக்கிறியா நித்தி? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா.”

“பாடம் இல்லடி. ஊர்ல எல்லாரும் பெல் அடிப்பாங்க. நான் மட்டும் ரெண்டு தட்டு. நீ எழுந்து வந்து பாக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கிறது நான்தான்னு உனக்குத் தெரிஞ்சிடும்ல?”

கல்யாணமான மூன்றாவது வாரம் நடந்த பேச்சு அது. நித்திலன் வாசலில் மழையில் நனைந்து நின்றான். கையில் ஈரமான பொட்டலத்தில் வெங்காய பஜ்ஜி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், அந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பெல்லை அவன் ஒரு நாளும் தொடவில்லை.

அவன் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் யாராவது பெல் அடித்தால் இலக்கியாவுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருக்கும். தட்டினால்தான் பயம்.

கீழக்குறிச்சி சந்திப்பின் கடைசித் தண்டவாளத்தில், வேப்பமரங்களை ஒட்டி நின்றது பிரேக்டவுன் ரயில். எங்காவது ரயில் தடம் புரண்டால் சைரன் ஊதும். ஊதிய பதினைந்து நிமிஷத்தில் அது கிளம்பியாக வேண்டும். ஒரு கிரேன், ஒரு மருத்துவப் பெட்டி, கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கும் ஜாக்கிகளும் இரும்பு உத்தரங்களும் மரக்கட்டைகளும் அடுக்கிய இரண்டு பெட்டிகள், கடைசியில் ஒரு சமையல் பெட்டி. இருபத்திரண்டு பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தலைவி இலக்கியா.

அன்று காலை பத்து மணிக்குத் தலைமையிடத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திறங்கினான். ஃபைசல் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. பழைய ஜாக்கிகளை எடுத்துக்கொண்டு புதியவற்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தான்.

அவை சாதாரண ஜாக்கிகள் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தவை. கவிழ்ந்த பெட்டியின் அடியில் வைத்துவிட்டால், தூக்குவதற்கு முன் இரும்பின் வழியாக உள்ளே இருப்பதைக் கேட்கும். மூச்சு, முனகல், இதயத்துடிப்பு எதுவும் தப்பாது. எத்தனை உயிர், எந்த மூலையில் என்று சூப்பர்வைசரின் கைத்திரையில் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும். எந்தப் பக்கம் தூக்கினால் எந்தப் புள்ளி அணையும் என்பதையும் காட்டும். குழுவினர் அதற்குச் செவியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். “செவியன்கிட்ட கேளு” என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

“புதுசும் கேக்கும் மேடம்,” என்றான் ஃபைசல், சமையல் பெட்டியின் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றியபடி. “ஆனா கேட்டதை உங்ககிட்ட சொல்லாது. இந்தப் பக்கம் தூக்குன்னு மட்டும் சொல்லும். எத்தனை பேரு, எங்க இருக்காங்கன்னு காட்டாது.”

“ஏன் அப்படி?”

“முப்பத்தோரு சூப்பர்வைசருங்க வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க மேடம், இந்த ஆறு வருஷத்துல. ஒருத்தர் இலையில சோறு போட்டா பருக்கையை எண்ணிக்கிட்டே உக்காந்திருக்காராம். எண்ணி முடிக்காம சாப்பிட மாட்டாராம். அதனாலதான் மனுஷங்களுக்குத் தெரிய வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

இலக்கியா சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பில்லை.

“இது வர்றதுக்கு முன்னாடியெல்லாம் உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியாது தம்பி. சாமியைக் கும்பிட்டுட்டுத் தூக்குவோம். உயிரோட வந்தா சந்தோஷம். வரலேன்னா, நாம வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். அந்த ஒரு வார்த்தையிலதான் தூங்குவோம். இந்த மெஷின் வந்து அதைப் பிடுங்கிடுச்சு. இப்போ திருப்பிக் குடுக்கிறீங்க, இல்லையா?”

ஃபைசல் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான்.

“இன்னொரு விஷயம் மேடம். பழைய ஜாக்கியில இருக்கிற ஒலிப்பதிவு எல்லாத்தையும் இன்னிக்கு நாலு மணிக்கு அழிக்கணும். அழிக்கிறதுக்கு முன்னாடி, இறந்தவங்க குடும்பத்துல யாராவது கேக்கணும்னா ஒரு தடவை போட்டுக் காட்டணும்னு உத்தரவு. எல்லாருக்கும் லெட்டர் போயிருக்கு. முக்கால்வாசிப் பேரு வேண்டாம்னுதான் எழுதியிருக்காங்க. இந்த டிப்போவுல நாலாம் நம்பர் ஜாக்கியில மட்டும் ஒரு பதிவு நிலுவையில இருக்கு. வாய்க்கால் உடைஞ்ச அன்னிக்கு…” என்றவன் படிவத்தைப் பார்த்து நிறுத்தினான். இறந்தவர்: நித்திலன். உறவு: மனைவி. அதற்குக் கீழே இலக்கியாவின் பெயர்.

“வேண்டாம்னு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு,” என்றாள் இலக்கியா. “பாருங்க.”

“அவங்க அம்மாவுக்கும் ஒரு லெட்டர் போயிருக்கு மேடம். அவங்க பதில்…”

“அவங்களுக்கும் வேண்டாம்.”

பொய். அந்தக் கடிதம் மூன்று நாளாக இலக்கியாவின் கைப்பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. வீட்டுத் தபால் பெட்டியிலிருந்து அவள்தான் எடுத்து ஒளித்திருந்தாள். வாழ்க்கையில் அவள் திருடிய ஒரே பொருள் அதுதான்.

காரணம் எளிது. அந்தப் பதிவில் வரிசையாக மூன்று சத்தங்கள் இருந்தன. முதலில் ஒரு தட்டல். அடுத்து அவளுடைய குரல். அதற்கப்புறம் ஒரு துடிப்பு நிற்பது. அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது, அவளோடு ஒரே வீட்டில் இருந்த அத்தை, நித்திலனின் அம்மா ஒருத்திதான். அந்த மூன்றையும் அதே வரிசையில் கேட்டுவிட்டு அத்தை எப்படித் தன் முகத்தைப் பார்ப்பாள்?

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு சாயங்காலம் அது. வடகரை வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்துவிட்டது. பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. இலக்கியாவின் குழு போய்ச் சேர்ந்தபோது மற்றப் பெட்டிகளில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்த ஒன்றில் மட்டும் ஆட்கள் சிக்கியிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பிரேக்டவுன் குழுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தூக்கும் நேரத்தில் ஒரே குரல்தான் ஒலிக்க வேண்டும். சூப்பர்வைசர் சொல்வார், மற்றவர்கள் கையால் பதில் காட்டுவார்கள். யாராவது பதறிக் கத்தி ஒரு ஜாக்கி முந்திவிட்டால் பெட்டி மொத்தமும் புரண்டுவிடும். அதனால் வேலையில் இறங்கும் முன் எல்லோரும் செல்போனை அணைத்து, சமையல் பெட்டியில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். சூப்பர்வைசரின் போன்தான் முதலில் விழும். வயர்லெஸ் வருவதற்கு முந்தைய காலத்து மிச்சம் இன்னொன்றும் இருந்தது. வண்டிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருப்பவன் இரும்பில் தட்டுவான். ஒன்று, நிறுத்து. இரண்டு, ஏற்று. மூன்று, இறக்கு. அந்த டிப்போ ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

செவியன் எட்டுப் புள்ளிகளைக் காட்டியது. முன்மூலையில் ஏழு, இடுப்பளவு தண்ணீரில். பின்கதவை ஒட்டி ஒன்று, தனியாக. முன்பக்கம் தூக்கினால் பின்மூலை சேற்றில் அமுங்கும். ஏழு பேர் வருவார்கள், ஒருவர் போவார். பின்பக்கம் தூக்க வேண்டுமானால் சேற்றில் கட்டை அடுக்க நாற்பது நிமிஷம் ஆகும். இருபது நிமிஷத்தில் தண்ணீர் ஏழு பேரின் தலைக்கு மேல் போய்விடும்.

செவியன் சொன்னது: முன்பக்கம்.

இலக்கியா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இருபத்தோரு பேர் மழையில் அவள் முகத்தையே பார்த்து நின்றார்கள். யாரோ ஒருவர். யாருடைய பிள்ளையோ, யாருடைய புருஷனோ. அரை நிமிஷம். ஒரு நிமிஷம்.

அப்போதுதான் அவளுடைய காதுக்கருவியில் கேட்டது. நாலாம் நம்பர் ஜாக்கி பின்மூலையிலிருந்து கொண்டுவந்த சத்தம். மோதிரம் இரும்பில் படுகிற சத்தம்.

இரண்டு தட்டு.

தஞ்சாவூருக்கு நண்பன் கல்யாணத்துக்குப் போனவன், மறுநாள்தான் வருவேன் என்று சொல்லியிருந்தான். அந்த வண்டியில் அவன் ஏறியதே அவளுக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதே டிப்போவில் பதினைந்து வருஷம் ஜாக்கி பிடித்தவன். எந்தப் பக்கம் ஜாக்கி வைக்கிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். தன் மூலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் தட்டினான். அவள் தயங்குகிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடியும் இரண்டு தட்டு.

“ஏத்து,” என்றாள் இலக்கியா.

விசாரணையில் அவள் செய்தது சரி என்று எழுதினார்கள். பதிவுக்கு முத்திரை வைத்தார்கள். தட்டல் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, “உள்ளே இருந்தவர் உதவி கேட்டிருப்பார்” என்று சொன்னாள். அத்தையிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “பெட்டி விழுந்தப்பவே போயிட்டாராம் அத்தை. வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்.” அத்தை அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாளே தவிர, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

மூன்றேகால் மணிக்கு, இலக்கியாவும் ஃபைசலும் மறுபடி சமையல் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது, டேனியல் அண்ணன் வாசலில் தலையை நீட்டினார். குழுவின் சமையல் அவர் பொறுப்பு.

“மேடம், உங்க அத்தை வர்றாங்க. லைனைத் தாண்டி நடந்தே வர்றாங்க. கையைப் பிடிச்சுக்குங்கம்மான்னு சொன்னா, ‘நீ போய் டீயைப் போடு’ன்னு என்னைத் திட்டுறாங்க.”

இலக்கியா கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த நாலு வருஷத்தில் அத்தை இந்தப் பக்கமே வந்ததில்லை.

சுகந்தி படியேறி வந்தாள். அறுபத்தாறு வயது. தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை. செருப்பில் தார் ஒட்டியிருந்தது. ஒரு காலத்தில் மகனும் அவளுமாக கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் அம்பயருக்கு விழும் வசவு மூன்றாவது குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். அவன் போனபின் அந்த டி.வி.யில் மேட்ச் ஓடியதே இல்லை.

“உக்காருங்க அத்தை. என்ன திடீர்னு?”

“முப்பத்தேழு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவகிட்டேருந்து தபாலை ஒளிக்கிறியே, உனக்கு எவ்வளவு தைரியம்!” என்றாள் சுகந்தி, மூச்சு வாங்க. குரலில் கோபம் இல்லை. “லெட்டர் போட்டா போனுக்கு மெசேஜும் வரும்டி. மூணு நாளா நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

ஃபைசல் மெதுவாக எழுந்தான். “நான் வெளியில இருக்கேன் மேடம்.” டேனியலையும் இழுத்துக்கொண்டு இறங்கினான்.

இலக்கியா பையைத் திறந்து கடிதத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். எண்ணெய்க் கறை பட்டிருந்தது.

“தப்புதான் அத்தை.”

“ஏன் ஒளிச்சே?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு.”

“பொய்.”

வெளியே ஒரு சரக்கு வண்டி கடந்து போயிற்று. பெட்டி முழுதும் அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுத்தன.

“விழுந்தப்பவே அவர் போகல அத்தை,” என்றாள் இலக்கியா. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. “நான் போனப்போ உயிரோட இருந்தார். உள்ள எட்டுப் பேரு. முன்பக்கம் தூக்கினா ஒருத்தர் போயிடுவார்னு எனக்குத் தெரியும். அது யாருன்னு தெரியாம நின்னேன். அவர் தட்டினார். ரெண்டு தட்டு. நம்ம கதவைத் தட்டுற அதே தட்டு. தெரிஞ்சுதான் அத்தை… அது அவர்னு தெரிஞ்சுதான் நான் ஏத்துன்னு சொன்னேன். உங்க பிள்ளையை நான்தான்…”

சுகந்தியின் கை சட்டென்று நீண்டு அவள் வாயைப் பொத்தியது.

“தட்டினானா?” என்றாள். “உனக்குத் தெரியுமா? அவன்தான்னு உனக்கு அப்பவே தெரியுமா?”

இலக்கியா தலையசைத்தாள்.

“ஐயோ, என் கண்ணு. நாலு வருஷமா இதை வெச்சுக்கிட்டா எனக்கு சாதம் போட்டே?” சுகந்தி கையை எடுத்துக்கொண்டு தன் புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். “உனக்குத் தெரியாதுன்னுல்ல நான் நெனச்சேன். யாரோன்னு நெனச்சுத்தான் தூக்கினே, அப்படியே இருக்கட்டும், தெரிஞ்சா நீ செத்துடுவேன்னு… அதுக்குத்தானே நானும் வாயைத் தெறக்கல.”

“நீங்க என்ன சொல்றீங்க அத்தை?”

“அவன் எனக்கு போன் பண்ணினான்.”

இலக்கியா அத்தையின் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

“அன்னிக்கு ஃபைனல் மேட்ச். கல்யாணமாவது ஒண்ணாவது, என்கூட உக்காந்து பாக்க வாடான்னு நான்தான் கூப்பிட்டேன். உன்கிட்ட சொல்லாம வந்து நிக்கிறேன்னு சிரிச்சான். அப்புறம் அந்த போன். கால் மாட்டிக்கிச்சும்மான்னான். தண்ணி சத்தம் கேக்குது. ‘அம்மா, அவ வந்துட்டா, அவ குரல் கேக்குது’ன்னான். எவ்வளவு நிம்மதியா சொன்னான் தெரியுமா? நான் காப்பாத்திடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொல்றான், முன்பக்கம் ஜாக்கி வெக்கிறாங்கம்மா, அதான் சரி, அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருக்கும்மா, பாவம்னு. நீ கண்ட்ரோல் ரூமுக்கு போன் பண்ணி நான் உள்ள இருக்கேன்னு சொல்லிடாதே. சொன்னா அவளுக்குக் கை ஓடாது. அப்படின்னான்.”

அந்தக் குழந்தை. வருஷா வருஷம் தீபாவளிக்கு சுகந்தி விலாசம் எழுதி ஒரு கவுன் அனுப்புவாளே, அந்தக் குழந்தை. பெட்டிக்குள்ளே ஒரு குழந்தை அழுதது அத்தைக்கு எப்படித் தெரியும் என்று இலக்கியா ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பெரிய மனசு என்று மட்டும் நினைத்திருந்தாள்.

“கண்ட்ரோல் நம்பர் எனக்கு மனப்பாடம்,” என்றாள் சுகந்தி. “போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னா நீ நிறுத்தியிருப்பே. அவன் பொழச்சிருப்பானோ என்னவோ. நான் அமுத்தல. பெத்தவ நான், அமுத்தல. நீ மட்டும் செஞ்சேன்னு சொல்லாதே இலக்கியா. நீ வாயைத் தெறந்தே, நான் வாயை மூடினேன். ரெண்டும் ஒண்ணுதான்.”

இலக்கியா பெஞ்சிலிருந்து சரிந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். அழுகை என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. சுகந்தி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், நாலு வருஷத்துக்கு முன் தடவிய மாதிரியே. வெளியே டேனியல் அண்ணன் யாரையோ, “சத்தம் போடாம போய்யா” என்று விரட்டுவது கேட்டது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகப் பத்து நிமிஷம்.

“போனை வெக்கறப்போ இன்னொண்ணும் சொன்னான்,” என்றாள் சுகந்தி. “‘செவியன் கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கான். நான் தனியா இல்ல’ன்னான். அந்த வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் நான் இருக்கேன். அது என்ன கேட்டுச்சுன்னு உன்கிட்ட எத்தனை தடவை கேக்க வந்திருப்பேன் தெரியுமா? அடுப்படி வரைக்கும் வருவேன். உன் முகத்தைப் பாத்துட்டு, உப்பு இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடுவேன்.”

அது உண்மை. வீட்டில் எப்போதும் உப்பு இருந்தது. அத்தை எப்போதும் உப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

சுகந்தி எழுந்தாள். அலமாரியின் மேல்தட்டில், ரோஜாப்பூ படம் உதிர்ந்துபோன பிஸ்கட் டப்பா இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். மகன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். மூடியைத் திறந்தாள். தன் போனை அணைத்து உள்ளே போட்டாள். தகரத்தில் அது மோதிய சத்தம் பெட்டி முழுவதும் கேட்டது.

இலக்கியாவுக்குப் புரிந்துவிட்டது.

“அத்தை, அதுல என் குரலும் இருக்கு. நான் சொல்றது… கேக்கும்.”

“இருக்கட்டும். அவனும் அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தான்.”

சுகந்தி திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அறைக்கு வெளியே முறைக்குக் காத்திருப்பவள் மாதிரி.

“அவன் வயித்துல மூணு மாசமா இருக்கறப்போ ஸ்கேன் ரூம்ல சத்தத்தை வெச்சாங்க,” என்றாள். “குதிரை ஓடுற மாதிரி அப்படி ஒரு ஓட்டம். நான் பயந்து போய், ஏன் டாக்டர் இவ்வளவு வேகமா அடிக்குதுன்னு கேட்டேன். சிரிச்சாங்க. இந்த உலகத்துல அவன் நெஞ்சு துடிச்சதை முதல்ல கேட்டவ நான். கடைசியா கேட்டது இந்த ஜாக்கி.”

அவள் சற்று நகர்ந்து, பெஞ்சில் பக்கத்தில் இடம் விட்டாள்.

“அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டும்மா. கடைசி வரைக்கும். நீயும் என் பக்கத்துலயே உக்காந்துக்கோ.”